கசெட்டின் மிச்சம்

டென்மார்க்கின் சில்க்போர்க்கில் அந்த இலையுதிர்காலம் முழுக்கச் சண்முகலிங்கத்தின் வாசற்கதவருகே ஒரு பெட்டி நின்றது. உள்ளே, ஊரில் இருக்கும் மகள் துவாரகாவுக்கு ஒரு பனிக்கோட்டு, மனைவி மனோரஞ்சிதத்துக்கு ஒரு சோடிச் சப்பாத்து. அவர்களுக்கு விசா வந்ததும் அப்படியே தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓட வேண்டியதுதான். ஆனால் விண்ணப்பம் போட்டு ஒரு பனிக்காலம் கழிந்து அடுத்தது வந்துகொண்டிருந்தது. விண்ணப்பம் வாங்கிய பொலிசில் கேட்டால் கோப்பு தலைநகரில் என்றார்கள். இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

"அந்த ரஷ்யரும் இப்பிடித்தான் அண்ணை, பெட்டியோட நிண்டவர்," என்றான் ஸ்ரனிஸ்லாஸ். யாழ்ப்பாணத்தில் தேவாலயத்தில் வயலின் வாசித்தவன். இங்கே அவனும் சண்முகலிங்கமும் ஒரே தொழிற்சாலை, ஒரே வீடு. நூலகத்தில் ரஷ்ய இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச்சின் இசைத்தட்டுகளை எடுத்துவந்து கசெட்டில் பதிவதில் அவனுடைய ஞாயிறு போய்விடும்.

"அவர் எங்க போக நிண்டவர்?"

"போக இல்லை. ஸ்டாலினுக்கு அவற்ற இசைநாடகம் பிடிக்கேல்லை. பேப்பரில கிழிச்சுப் போட்டாங்கள். பிறகு பெட்டியோட லிப்டடியில காத்திருந்தவர் எண்டு சொல்லுவினம். பிடிக்க வாறவங்கள் வெளியிலயே பிடிக்கட்டும், பிள்ளையள் முழிக்கக் கூடாதெண்டு."

"நல்ல ஆளைத்தான் பிடிச்சிருக்கிறாய். லீவு நாளும் அதுவுமா."

அந்தக் கிழமைதான் மனோரஞ்சிதத்தின் குரல் கசெட்டில் வந்தது. "ஒழுங்கைக்குள்ள ஆமி நிக்குது. அருமைநாயகி அக்கா குடும்பம் கொழும்புக்கு வெளிக்கிடுது. நானும் பிள்ளையும் அவையோட போகட்டோ? விசாப் பேப்பர் வருமெண்டால் இருக்கிறன். ஒரு முடிவு சொல்லுங்கோப்பா."

டெனிஷ் பாஸ்போட் வைத்திருந்த இராசரத்தினம் மறுநாள் கொழும்புக்குப் பறக்கிறார். அவரிடம் பதில் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, வெறும் கசெட் வாங்கக் கடைகள் பூட்டு. சண்முகலிங்கம் ஸ்ரனிஸ்லாஸின் கசெட் ஒன்றை எடுத்து அதன் மேலேயே பேசினான்.

கசெட் என்பது மனைவிக்கு மட்டும் போவதல்ல. ஒழுங்கைச் சனம், தெரு முழுக்கக் கூடி இருந்து கேட்கும். அதனால் டென்மார்க்கிலிருந்து யாரும் கசெட்டில் கெட்ட செய்தி பேசுவதில்லை. குளிர், சாப்பாடு, எல்லாம் சுகம். சண்முகலிங்கமும் அதையே சொன்னான். "பேப்பர் இந்தா வந்திடும். இது சட்டப்படி நடக்கிற நாடு. வெளிக்கிட வேண்டாம்."

"வருமெண்டு ஆர் சொன்னது?" என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

"ஊர்ச்சனத்துக்கு முன்னால வேற என்னத்தைச் சொல்லுறது? பயமா இருக்கெண்டோ?"

கசெட் போன பிறகுதான் நினைவு வந்தது. அவன் குரல் முடிந்த இடத்திலிருந்து ரஷ்யரின் இசை அழியாமல் கிடக்கிறது. ஸ்ரனிஸ்லாஸ் முதலில் சிரித்தான். பிறகு முகம் மாறியது. "அது செத்தவீடு மாதிரி இருக்குமே அண்ணை. நாலு வாத்தியமும் சேந்து மூண்டு தரம் இடிக்கும். கதவில இடிக்கிற மாதிரி."

பனி கொட்டத் தொடங்கிய பிறகு பதில் வந்தது, இராசரத்தினம் கொழும்பில் வாங்கி அவளுக்குக் கொடுத்துவிட்ட புதுக் கசெட்டில். மனோரஞ்சிதம் தனியாக இருந்து பேசியிருந்தாள்.

"நீங்கள் கதைச்சு முடிய எல்லாரும் எழும்பிப் போட்டினம். நான் நிப்பாட்டேல்லை. உங்கட குரல் ஒண்டு சொல்லிச்சுது. பிறகு வந்தது வேறை சொல்லிச்சுது. பேப்பர் வராது, என்ன? நீங்கள் பயந்துபோய் இருக்கிறியள். அக்காவையள் அப்பவே கொழும்புக்குப் போட்டினம். இப்ப ஆரோ ஒருத்தர் வழி காட்டுறன் எண்டிருக்கிறார். ஆளைத் தெரியாது. நாங்கள் வெளிக்கிடுறம்."

அவள் பதிவை நிறுத்த மறந்திருந்தாள். நாடா ஓடிக்கொண்டே இருந்தது. துணி மடிக்கும் சத்தம். "அம்மா, பொம்மையையும் கொண்டு வரட்டோ?" ஒரு நாய் விடாமல் குரைத்தது. மேலே ஹெலிகொப்டர் வந்து போனது. பிறகு கதவில் மூன்று இடி. அதோடு நாடா முடிந்தது.

"கசெட்டை வாங்க வந்த ஆள்தான்," என்றான் சண்முகலிங்கம். "இல்லாட்டி இது எப்பிடி எங்களிட்ட வந்தது?"

அவன் ரெக்கோடரை ஸ்ரனிஸ்லாஸின் பக்கம் தள்ளினான்.

"நீ வயலின்காரன். உன்ர காது பிழைக்காது. கதவில இடிச்சது கையோ, ஆமியின்ர துவக்குப் பிடியோ?"

ஸ்ரனிஸ்லாஸ் அந்தப் புதுக் கசெட்டின் நாடாவைத் திருப்பினான். காதை ஒட்டி வைத்துக் கேட்டான். மறுபடியும் திருப்பிக் கேட்டான். பிறகு சண்முகலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தி நிறுத்தினான்.

"கசெட் பழசு அண்ணை. தெளிவா விளங்கேல்லை."