பூனை மார்க் டப்பா

பிரான்ஸ் பார்சல் வந்த வீட்டுக்காரிக்கு ஒரு வாரத்துக்குக் கால் தரையில் பாவாது. நெரவி லூர்தம்மாளும் அதற்கு விலக்கில்லை. மகன் அற்புதராஜ் பாரீசுக்குப் போய் ஆறு மாதம் கழித்து அனுப்பிய முதல் பார்சல். ஒரு ஜெபமாலை, நாலு சோப்பு, மருமகள் இசபெல்லாவுக்குக் கம்பளிச் சட்டை, இரண்டு கறி டப்பா. நெரவி வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று யாராவது கேட்டால் லூர்தம்மாளுக்குக் கெட்ட கோபம் வரும்.

கூடவே ஒரு கடிதம். 'கறி டப்பா நல்ல ருசி. தினமும் ராத்திரி ரொட்டிக்கு இதைத்தான் தொட்டுக்கொள்கிறேன். நீங்களும் சாப்பிட்டுப் பாருங்கள். வேலை நன்றாக இருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை.' இசபெல்லா அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். மனப்பாடம் ஆன பிறகும் எடுத்து எடுத்துப் படித்தாள்.

டப்பாவின் மேல் பச்சைக் கண்ணோடு ஒரு பூனைப் படம். லூர்தம்மாளுக்கு அதில் எந்த யோசனையும் வரவில்லை. கப்பல் மார்க் தீப்பெட்டிக்குள் கப்பலா இருக்கிறது? இது பூனை மார்க்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு டப்பாவை வெட்டி, வெங்காயமும் மிளகும் போட்டுப் பிரட்டி வைத்தாள். இசபெல்லாவுக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனதிலிருந்து இந்தப் பெண் வாயில் சோறு இறங்குவதே பெரும்பாடு. அன்றைக்கு என்னவோ இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். லூர்தம்மாள் தனக்கென்று ஒரு துண்டுகூட வைத்துக்கொள்ளாமல் சட்டியை அவள் தட்டில் வழித்துப் போட்டாள். மனசு நிறைந்துபோயிற்று.

மூன்று மணிக்கு இசபெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள்.

"என்னமோ பெரட்டுது அத்தை."

"என்னைக்கோ ஒருதரம் கறி திங்கிற வயிறு. அப்புடித்தான் இருக்கும். சோம்புத் தண்ணி வச்சுத் தாரேன், படு."

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுச் சந்தனசாமி வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். யார் வீட்டுக்குப் பார்சல் வந்தாலும் பார்த்துவிட்டுப் போகாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கழுவிக் கவிழ்த்திருந்த டப்பாவை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். முகம் மாறியது.

"லூர்து, இதுல இருந்தத என்ன பண்ணுன?"

"ஏண்ணே? இசபெல்லா சாப்புட்டுச்சு."

"புர் ஷான்னு போட்டுருக்கான்மா. ஷான்னா பூனை."

"அதான் படமே இருக்குல்ல. பூனை மார்க்கு."

"மார்க்கு இல்ல. புர்ன்னா, பூனைக்குன்னு அர்த்தம். பூனைக்கு வைக்கிற தீனி இது."

லூர்தம்மாள் சிரித்துவிட்டாள். "போங்கண்ணே! பூனைக்குப் போயி யாராச்சும் டப்பாவுல அடைச்சு விப்பானா?"

"அந்த ஊர்ல விப்பான்" என்றார் சந்தனசாமி. அவர் சிரிக்கவில்லை.

உள்ளே இசபெல்லா வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. லூர்தம்மாள் உள்ளே ஓடி அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். தன் கையாலே பிரட்டி, தன் கையாலே வழித்துப் போட்டாளே! இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால் மகனுக்கு எந்த முகத்தோடு கடிதம் எழுதுவாள்?

சந்தனசாமி ரிக்‌ஷா பிடித்து வந்தார். "இசபெல்லாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அவரிடம் கெஞ்சிவிட்டு, டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு லூர்தம்மாள் மருமகளோடு ஏறினாள். அரசலாற்றுப் பாலம் வருவதற்குள் ரிக்‌ஷா குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாதாவைக் கூப்பிட்டாள்.

"எதுக்கு அத்தை இப்புடி மாதாவைக் கூப்புடுறீங்க? சும்மா வாந்திதானே."

"பேசாம வா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் சோமசேகரன் இசபெல்லாவைப் படுக்கவைத்து, பிள்ளைத் துடிப்பு கேட்கும் குழலை வயிற்றில் வைத்தார். ஓரிடத்தில் வைத்துக் கேட்டார். நகர்த்தி வைத்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். லூர்தம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"துடிப்பு நல்லா இருக்கு. என்ன சாப்புட்டுச்சு?"

இனி மறைக்க முடியாது. லூர்தம்மாள் டப்பாவை மேசைமேல் வைத்தாள். "பூனைத் தீனியாம் டாக்டர். தெரியாமக் குடுத்துட்டேன்" என்றாள். இசபெல்லா தலையைத் தூக்கி டப்பாவைப் பார்த்தாள்.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டப்பா உப்பியிருந்துச்சா?"

"இல்லீங்க."

"வெட்டும்போது கெட்ட வாடை?"

"இல்லீங்க. நல்ல வாசனை. அதனாலதானே..."

"அப்ப பயப்படாதீங்க. பூனைக்குன்னாலும் வேகவச்சு அடைச்ச கறிதான். ஒரு வேளை சாப்புட்டதுல ஒண்ணும் ஆயிடாது. பழகாத வயிறு, வெளிய தள்ளிடுச்சு. கஞ்சி குடுங்க. இன்னொரு தடவை வாந்தி எடுத்தாலும், வலி வந்தாலும் உடனே கூட்டிட்டு வாங்க."

லூர்தம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மாதாவுக்கு ஆளுயர மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். வீட்டிலிருக்கும் இன்னொரு டப்பாவை ஆற்றிலே வீசச் சொல்லவேண்டும். வீடு போனதும் மகனுக்கு எழுதவேண்டும், 'ஏண்டா மடையா, படத்தைப் பார்த்து வாங்கமாட்டாயா' என்று.

இசபெல்லா மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"டாக்டர், தினமும் சாப்புட்டா?"

"எது?"

"இதை. தினமும் ராத்திரி, ரொட்டிக்குத் தொட்டுக்கிட்டு."

'எவடி தினமும் சாப்பிடப் போறா' என்று அதட்ட வாயெடுத்த லூர்தம்மாள் அப்படியே நின்றாள். கடிதத்தில் மகன் எழுதியிருந்த வரி அது. அவனுக்குத் தெரியாமல்தான் இருக்கும். நம்மைப்போல மார்க் என்று நினைத்திருப்பான். தெரிந்திருந்தால் நமக்கு அனுப்புவானா? ஆனால் ஆறு மாதமாக அந்த ஊரில் இருக்கிறான், அதைப் படித்துச் சொல்லக்கூட பக்கத்தில் ஒருத்தர் இல்லையா?

"அது மனுசனுக்குன்னு பாத்துச் செய்யிறது இல்லையேம்மா. அதையே சாப்பாடா வச்சுக்கக் கூடாது" என்றார் டாக்டர். "யாரு தினமும் சாப்புடுறது?"

இசபெல்லா அத்தையைப் பார்த்தாள். என் மகன் என்று சொல்லாமல், லூர்தம்மாள் மேசைமேல் இருந்த டப்பாவை எடுத்து மறுபடியும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.