தூண்டிலுக்குத் தடை இல்லை

தூண்டிலைச் சுழற்றி வீசினேன். முள் ஆற்றில் விழவில்லை. எனக்குப் பின்னால் படித்துறையில் இறங்கிவந்த பூமாரியின் மீன்கூடையில் மாட்டியது. பெரிய மீன்தான் என்று வெடுக்கென்று இழுத்தேன். கூடை கவிழ்ந்து, விழிஞ்ஞம் கடற்கரையில் அவள் வாங்கிவந்த அயிலையெல்லாம் கரமனையாற்றில் மிதந்தன. கடல்மீனை ஆற்றில் விட்ட முதல் ஐயர் நானாகத்தான் இருப்பேன்.

வேட்டியோடு இறங்கி அள்ளினேன்.

"மெதுவா அள்ளுங்க சாமி. செத்ததுதான், ஓடாது," என்றாள் பூமாரி.

போன வருஷம்வரை அவள் கூடையில் ஆற்றுமீன் இருக்கும். அவள் புருஷன் சொரிமுத்து இங்கேதான் வலை வீசுவான். பிறகு கரையில் பலகை நட்டார்கள்: வலைக்குத் தடை, தூண்டிலுக்கு இல்லை. ஆரியசாலை மளிகை மண்டியில் வாரமெல்லாம் பில் எழுதுகிற எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆறு ஒன்றுதான் சுகம். இனி மீனெல்லாம் எனக்கே என்று அக்ரஹாரத்தில் லட்டு கொடுக்காத குறை. என்ன விசேஷம் என்று கேட்டால் ஐயர் மீன்பிடிக்கிற கதை வெளியே வந்துவிடுமே என்று விட்டுவிட்டேன்.

மீன் பெருகியது உண்மை. என் தூண்டிலையே கடித்தது என்றால் பாருங்கள். ஆனால் பிடித்த கரிமீனை வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? முன்பெல்லாம் சொரிமுத்துவின் வள்ளத்தில் போட்டுவிடுவேன். "சாமி, இது மீனா, கொசுவா?" என்பான். அக்கரைவரை கேட்கும். ஒன்றும் சிக்காத நாளில், "எல்லாத்தையும் உன் வலைதான் வழிச்சிண்டு போயிடறதே" என்று திட்டுவேன். இப்போது பிடிக்கிறேன், முள்ளைக் கழற்றுகிறேன், விட்டுவிடுகிறேன். பார்க்க ஆளில்லை. சிக்காத நாளில் திட்டவும் ஆளில்லை.

தடையை எடுக்கச் சொல்லி மீன்துறை ஆபீசில் போய் நின்றேன். "நோக்கட்டே" என்றார்கள், பார்க்கலாம் என்று அர்த்தம். சொரிமுத்து எப்போது வருவான் என்று பூமாரியிடம் வாராவாரம் கேட்பேன். "வருவாவ சாமி" என்பாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அள்ளின மீனைக் கூடையில் போட்டுவிட்டு இன்றும் கேட்டேன்.

"தடையை எடுத்துட்டா சொரிமுத்து வந்துடுவானோல்லியோ? இல்லே, நான் சந்தோஷப்பட்டேன்னு எம்மேல கோவமா இருக்கானா?"

அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"வரமாட்டாவ சாமி. கொச்சியில கட்டட வேலைக்குக் கம்பி கட்டுதாவ, இனி அங்கதான். கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. உங்கள அவிய நெனைக்கதே இல்ல."