முப்பத்தொன்றாம் எண் வீடு

என் எண் இரண்டு. என் மனைவி பூங்கோதையின் எண் இருபத்தொன்பது. இரண்டும் பகா எண்கள். பெருக்கினால் ஐம்பத்தெட்டு. ஆகவே ஐம்பத்தெட்டாம் எண் வீட்டில் குடியிருந்தோம்.

எங்கள் வரிசையில் பத்து, இருபத்திரண்டு, முப்பத்துநான்கு, நாற்பத்தாறு, பிறகு நாங்கள். பன்னிரண்டு பன்னிரண்டாகத் தள்ளிக் கதவுகள். வீட்டுக்கு இரண்டே பேர். எல்லா வீட்டிலும் கணவரின் எண் இரண்டுதான். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஆடி முதல் வெள்ளியன்று உத்தரவு வந்தது. வரிசையை நீட்டுகிறார்களாம். கடைசி வீட்டுக்காரர் எழுபதுக்குப் போக வேண்டும்.

“ஆடியில யாராவது வீடு மாத்துவாங்களா?” என்றாள் பூங்கோதை.

எழுபதைப் போய்ப் பார்த்தேன். கூடத்தில் ஐந்தும் ஏழும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். “வாங்க ரெண்டு, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்” என்றார் ஏழு. மூன்று நாற்காலிகள்தான் இருந்தன. பூங்கோதைக்கு நாற்காலி இல்லை.

நானும் பூங்கோதையும் பகுப்பு அலுவலகத்துக்கு ஓடினோம். தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. வேண்டுமென்றே செய்கிறார்கள். எழுத்தர் அருளப்பன் எழுபதை எங்களால் வகுத்துப் பார்த்தார்.

“சாருக்கு இடம் இருக்கு. அம்மாவால எழுபது வகுபடாது. மீதி பன்னெண்டு வருது.”

“மீதியை நான் வச்சுக்கறேன்.”

“வீட்ல மீதி வைக்கக் கூடாது சார்.”

பூங்கோதை மேசையைத் தட்டினாள். “எங்க ரெண்டு பேரையும் பெருக்கி, பழைய வீட்டையே குடுங்க.”

“பெருக்கல் பிரிவுல ஆள் லீவும்மா. கோயில்ல கூழ் ஊத்தப் போயிருக்கார். வேணும்னா கூட்டித் தரேன். முப்பத்தொண்ணு.”

அவள் குரல் இறங்கியது. “அங்க எங்களைப் பிரிச்சிட மாட்டீங்களே?”

“முப்பத்தொண்ணை யாராலயும் பிரிக்க முடியாதும்மா. அது பகா எண்.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கும்தான். உடனே கையெழுத்துப் போட்டோம். பகா எண் வீட்டில் ஒருவர்தான் குடியிருக்கலாம் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சந்தோஷத்தில் எங்களுக்குத் தோன்றவில்லை.

கதவு ஒடுக்கமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, ஒட்டியபடியே நுழைந்தோம். பால் காய்ச்சினேன். காய்ச்சினாள் என்றும் சொல்லலாம். ஒரு டம்ளர்தான் இருந்தது. போதுமாக இருந்தது.

இனி எங்களை யாரும் பிரிக்க முடியாது. பூங்கோதையின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. கண்ணாடி கேட்டு மனுக் கொடுத்திருக்கிறேன்.