தாய்மாமன் வைத்த பாஸ்வேர்ட்

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள். குழந்தை பிறந்த பிறகு இன்றுதான் முதன்முதலாக வேலைக்குப் போகிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். நிறைமாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றவள்.

"இன்னிக்கு ஒரு மத்தியானம் பாக்கலாங்க. இவன் தூங்காம அழுதுக்கிட்டே கெடந்தான்னா, நாளையிலேர்ந்து வரலேன்னு கடையில சொல்லிடறேன். புள்ளைய அழவிட்டுட்டு எனக்கென்ன வேலை வேண்டிக்கெடக்கு."

"நீ போ. நான் பாத்துக்கறேன்," என்றான் அவன். பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடித்து வந்து சட்டைகூட மாற்றவில்லை.

"அந்தப் பாட்டுப் பெட்டிய வைஃபைல சேத்துட்டீங்கல்ல?"

"ஆச்சு, ஆச்சு."

எங்கே ஆச்சு? அட்டைப் பெட்டியைக்கூட அவன் பிரிக்கவில்லை.

குழந்தைக்கு வீட்டில் வைத்த பேர் உருண்டை. உருண்டைக்குத் தூக்கம் வர வேண்டுமானால் ஒரு புல்லாங்குழல் இசை ஓட வேண்டும். அது அம்மாவின் போனில் ஓடும். போன் அம்மாவோடு போய்விடும். அப்பன்காரனின் போனோ ஒரு நாள் பக்கெட்டுத் தண்ணீரில் குளித்து எழுந்தது. காதில் வைத்தால் பேச்சு கேட்கும், பாட்டுப் போட்டால் கரகரப்புதான் மிச்சம். அதனால்தான் அவள் இந்தப் பெட்டியை வாங்கி வந்தாள். உள்ளங்கை அகலம், முன்னால் ஒரு சின்னத் திரை, அதன் கீழே ஒரே ஒரு திருகு. வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டால் உலகத்துப் பாட்டெல்லாம் பாடும். சேர்க்க பாஸ்வேர்ட் வேண்டும். அந்த பாஸ்வேர்ட் மச்சானுக்கு மட்டுமே தெரியும்.

மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். கடைகளில் திருடனைப் பிடிக்கிற கேமரா பொருத்துகிற தொழில், அதனால் உலகத்தில் எல்லோரையும் பார்த்தால் அவருக்குத் திருடனாகத்தான் தெரியும். ரூட்டரை மாட்டிய அன்று ஒவ்வொரு போனாக வாங்கி, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தானே பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்தார். தங்கைக்கே சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவரிடம்தான் கேட்க வேண்டும், கேட்க இவனுக்கு வாய் வரவில்லை. போன வாரம் சொந்தக்காரர்கள் முன்னால், "ஆம்பள கையில கைப்புள்ள எப்படி மாப்ள நிக்கும்? பஸ்ஸுனு நெனச்சீங்களா?" என்று கேட்டுச் சிரித்தவர். நாளைக்கு, நாளைக்கு என்று இவன் தள்ளிப்போட்டு, கடைசியில் நாளை வந்து வாசலில் நின்றுவிட்டது.

அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், உருண்டை அழ ஆரம்பித்தான். அப்பன்காரன் பால் கொடுத்தான், உருண்டை தள்ளிவிட்டான். துணி மாற்றினான், அழுகை மாறவில்லை. ஜன்னலுக்கும் சமையலறைக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தான். போன்மேல் கண்ணை வைத்துக்கொண்டே நடந்தான். கடைசியில், சரி, மானம் போனால் போகட்டும் என்று எடுத்தான்.

"மச்சான், அந்த வைஃபை பாஸ்வேர்ட் வேணும்."

"என்ன மாப்ள, புள்ள அழற சத்தம் கேக்குது? நான் அப்பவே சொன்னேன்ல."

"பாஸ்வேர்ட், மச்சான். மெசேஜ்ல அனுப்பிடுங்க."

"மெசேஜ்லயா? கெட்டுது போங்க. எதுலயும் எழுதக் கூடாது. சொல்றேன், மனசுல வச்சுக்குங்க." மச்சான் குரலைத் தாழ்த்தினார். "தாய்மாமன் சொன்னா சரிதான்."

"நீங்க சொன்னா சரிதான் மச்சான், மொதல்ல பாஸ்வேர்டச் சொல்லுங்க."

"அதுதான் மாப்ள பாஸ்வேர்ட். தாய்மாமன் சொன்னா சரிதான். இங்கிலீஷ் எழுத்துல, சேத்து, எல்லாம் சின்ன எழுத்து. எந்தத் திருடனாவது கண்டுபிடிக்க முடியுமா?"

உங்களோடு கால் மணி நேரம் பழகின திருடன் கண்டுபிடித்துவிடுவான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, மச்சான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, போனை வைத்தான்.

பெட்டியைச் சுவரில் செருகினான். திரையில் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் வரிசை கட்டி நின்றது. தன் வீட்டுடையதைத் தேர்ந்தெடுத்தான். இனித்தான் கூத்து. எழுத்துப் பலகை கிடையாது. திருகைத் திருப்பினால் எழுத்து ஒவ்வொன்றாக நகரும், வேண்டியது வந்ததும் அமுக்க வேண்டும். கொஞ்ச நேரம் கை எடுத்தால் பெட்டிக்குக் கோபம் வந்துவிடும், அடித்தது அத்தனையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கேட்கும். 'தாய்மா' வரைக்கும் வந்திருப்பான், தொட்டிலில் உருண்டை வீறிடுவான். ஓடிப்போய்த் தூக்கிச் சமாதானம் செய்து திரும்பினால் திரை துடைத்துவிட்ட சிலேட்டாக இருக்கும். மறுபடி. அதற்கும் மறுபடி. வியர்வை சொட்டியது. கடையில் அவள் கை லென்ஸிலும் மனசு இங்கேயுமாக நிற்பாள் என்று நினைத்தான். என்னால் அவளுடைய வேலை போகப் போகிறது என்று பயந்தான்.

சரி, ஒரு கை போதும் என்று முடிவு பண்ணினான். உருண்டையைத் தோளில் சாய்த்து இடது கையால் அணைத்துக்கொண்டான். வலது கை திருகில். பஸ் ஓட்டும்போது அடுத்த நிறுத்தத்தின் பேரை வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு ஓட்டுவது அவன் பழக்கம். கண்டக்டர்கள்கூடக் கிண்டல் பண்ணுவார்கள். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. எந்த எழுத்தில் நிற்கிறோம் என்பது மறக்காமலிருக்க, "தாய்... மாமன்... சொன்னா... சரிதான்... தாய்... மாமன்..." என்று என்ஜின் உறுமுகிற மாதிரி அடித்தொண்டையில் ஓட்டிக்கொண்டே, காலை மாற்றி மாற்றி ஆடிக்கொண்டே திருகினான். ஒரு தடவை கடைசி எழுத்தைத் தாண்டிவிட்டான். இன்னொரு தடவை மின்சாரம் கண் சிமிட்டியது. விடவில்லை.

கடைசி எழுத்தை அமுக்கினான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, 'இணைந்தது' என்று வந்தது. அப்போதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று உறைத்தது. தோளைத் தடவினான். உருண்டை வாயைத் திறந்துகொண்டு, சட்டையில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அந்த நிமிஷம் பெட்டி தானாகப் பாட ஆரம்பித்தது. பாட்டா அது? முழுச் சத்தத்தில் டிரம்ஸ். உருண்டை விலுக்கென்று துள்ளி எழுந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். இவன் அவசர அவசரமாகச் சத்தத்தைக் குறைத்துத் தேடிப் பிடித்து, அந்தப் புல்லாங்குழலையே போட்டான். உருண்டை அதைக் காதில் வாங்கவே இல்லை. முகத்தைத் திருப்பித் திருப்பி அப்பன் கழுத்தில் முட்டிக்கொண்டு அழுதான்.

வேறு வழி தெரியவில்லை. பெட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "தாய்... மாமன்... சொன்னா... சரிதான்..." என்று ஆரம்பித்தான்.

விசும்பல் குறைந்தது. கண் சொருகியது.

சாயங்காலத் தேநீர் இடைவேளையில் அவள் போன் வந்தது. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தபடி, தோள் மரத்துப்போக, கிசுகிசுப்பாக எடுத்தான்.

"அழறானாங்க?" குரலே உடைந்திருந்தது. "முதலாளி பக்கத்துலதான் இருக்காரு. இப்பவே சொல்லிடட்டுமா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். தூங்கறான். ரொம்ப நேரமாத் தூங்கறான்."

"பொய் சொல்லாதீங்க."

போனை உருண்டையின் மூக்கருகே வைத்தான். சீரான மூச்சு. அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பெட்டி நல்லாப் பாடுது போல. என்ன பாட்டுப் போட்டீங்க?" என்றாள்.

"பெட்டி பாடலை. நான் பாடினேன்."

"நீங்களா? எங்க, பாடுங்க பாப்போம்."

தயங்கினான். பிறகு, உருண்டையின் முதுகைத் தட்டிக்கொண்டே, அடித்தொண்டையில் அந்த ஒரே வரியைப் பாடிக் காட்டினான். கடையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது இங்கே கேட்டது.

"நாளைக்கும் வரேன்னு முதலாளிகிட்ட சொல்லிடறேங்க," என்றாள். "அண்ணன்கிட்டயும் இதைச் சொல்லவா?"

"சொன்னே, இப்பவே இவன எழுப்பிவிட்ருவேன்."