தவளைக்கு ஏ பிளஸ்

பாட ஒருவர், மேளம் தட்ட ஒருவர். எங்கள் கொரியக் கதைப்பாட்டான பான்சோரிக்கு மேடையில் இவ்வளவுதான் ஆள். ஆனால் மேளக்காரன் தட்டினால் மட்டும் போதாது. பாட்டின் இடைவெளி பார்த்து, பலே என்பதுபோல, "ஒல்சிகூ!" என்று கத்தவும் வேண்டும். சரியான இடத்தில் கத்தினால் பாடுபவருக்கு இன்னொரு நெஞ்சு முளைக்கும். தப்பான இடத்தில் யாராவது கத்தினால் அது நான்.

போன பருவத் தேர்வில், தாய் செத்துப்போகிற வரியில் நான் உற்சாகமாக "ஒல்சிகூ!" என்றேன். பேராசிரியர் பியோ அன்றே சொல்லிவிட்டார்.

"கூன்-ஹோ, அடுத்த தேர்வுல ஒரே ஒரு தப்புக் கத்தல் வரட்டும், உன்னை வணிகவியலுக்கு மாத்திடுறேன். அங்க நீ எங்க கத்தினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

அடுத்த தேர்வு ஜூனில் வந்தது. அரங்கின் கூரை ஒழுகியதால் வயலோர மண்டபத்துக்கு மாற்றினார்கள். நடவு முடிந்து தண்ணீர் நின்ற வயல். தவளைகள் ஏற்கெனவே தங்கள் கச்சேரியைத் தொடங்கியிருந்தன.

"முதல்ல அதுங்க வாய மூடு," என்றார் பியோ.

"எப்படி சார்?"

"வரப்புல போய்க் குதி. நீ வந்தாலே எல்லாரும் பேச்ச நிறுத்திடுவாங்களே."

குதித்தேன். வயல் அடங்கியது. காலுறை நனைந்தது.

பாடப்போகிறவள் கடைசி வருடத்து ஹே-ரின் அக்கா. அவளுக்கு இது பட்டத் தேர்வு. விசிறியை விரிப்பதுபோல் குனிந்து என் காதில் சொன்னாள்: "டேய், உன்னத்தான் நம்பியிருக்கேன்."

"நம்பாதீங்க அக்கா."

நான் தெளிவாக முடிவெடுத்திருந்தேன். கத்தினால்தானே தப்பாகும்? வாயையே திறக்கப்போவதில்லை.

முதல் வரி முடிந்தது. நான் ஊமை. இரண்டாவது வரி முடிந்தது. நான் மேளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் ஈரப் போர்வைபோல் தொங்க ஆரம்பித்தது. விசிறிக்கு மேலாக அவள் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது. மூன்றாவது வரி விழுந்த இடத்தில், வயலிலிருந்து ஒரு குரல்:

"க்ரோக்."

அக்காவின் தோள் நிமிர்ந்தது. நாலாவது வரி எகிறியது. அதன் முடிவிலும் கச்சிதமாக ஒரு "க்ரோக்". பியோவின் பேனா நின்றது. ஐந்தாவதில் அவரே தொடையைத் தட்டி "ஒல்சிகூ!" என்றார். பிறகு, நான்தான் கத்தியதுபோல என்னை முறைத்தார்.

தவளைக்குப் பாடத்திட்டம் தெரியாது. அவள் குரல் ஓங்கியிருக்கும்வரை பயந்து பம்மியது, ஓய்ந்ததும் வாயைத் திறந்தது. அதாவது, அது கேட்டுக்கொண்டிருந்தது. நானோ மூன்று வருடமாக நோட்டில் பென்சில் குறி போட்டு வரி எண்ணிக்கொண்டிருந்தேன். நோட்டைக் காலால் தள்ளிவிட்டு, முதல் முறையாக அக்கா பாடுவதைக் கேட்டேன். நன்றாகத்தான் பாடுகிறாள். அடுத்த இடைவெளியில் நானும் தவளையும் ஒன்றாகக் கத்தினோம். அதற்கடுத்ததிலும். கடைசிவரை ஒரு இடமும் தப்பவில்லை.

அக்கா தேறினாள். பியோ என்னிடம் தாளை நீட்டினார்.

"மேளத்துக்கு பி. கத்தலுக்கு ஏ பிளஸ். ஆனா அது உனக்கில்ல."

"அப்ப நான், சார்?"

"வணிகவியல் பொழச்சுது. போ."

மறுநாள் அக்கா வந்தாள். "அடுத்த வாரம் என் முதல் கச்சேரி. வயல் ஓரமா இடம் பாத்திருக்கேன்."

"என்னை அவமானப்படுத்துறீங்களா?"

"ச்சே ச்சே. நீயும் வாடா, பரவாயில்ல."