கருப்பு மூடி

போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் பெரியப்பா மூன்று முறை படித்தார். காரின் நம்பர் பிளேட்டில் எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி மறைக்கப்பட்டிருக்கிறது. பதினான்கு நாளுக்குள் சரியான பிளேட்டை மாட்டி, மறைத்தது யார் என்று எழுதித் தராவிட்டால் நம்பரே பறிபோய்விடும்.

அது அவருடைய அப்பா விரும்பிக் கேட்டு வாங்கிய நம்பர். குடும்பப் பெயரின் முதலெழுத்துகள், அதன்பின் அவர் தொழில் தொடங்கிய ஆண்டு. நான்கு கார் மாறியும் நம்பர் மாறவில்லை. தெருமுனையில் திரும்பும்போதே யார் வீட்டு வண்டி என்று சொல்லிவிடுவார்கள்.

செய்தது யார் என்பதில் பெரியப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துப் போகிற தம்பி மகன்தான். வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். ஆனாலும் சாய்ந்த எழுத்து, புடைத்த எழுத்து என்று ஸ்டைல் பார்க்கிற கூட்டம். மூன்று நாள் சாப்பாட்டு மேஜையில் அவனை வறுத்தெடுத்தார். தான் எதையும் தொடவில்லை என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னான். பிறகு குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

நான்காம் நாள் அவனையும் கூட்டிக்கொண்டு பிளேட் செய்கிற கடைக்குப் போனார். கடைக்காரம்மா பிளேட்டைக் கழற்றி, இடைவெளியில் இருந்த திருகாணியின் கருப்பு மூடியைக் காட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் ஓர் எழுத்தாகத் தெரியும் என்றார். விதிப்படி பிளேட்டின் அடியில் பொடி எழுத்தில் கடைப் பெயர் இருந்தது. இதே கடைதான். கார் பேப்பரும் கையெழுத்தும் வாங்காமல் அவர் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை. அந்தச் சீட்டுகள் வருஷவாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

“எடுத்துக் காட்டும்மா,” என்றார் பெரியப்பா. “தொரை பாக்கட்டும்.”

சீட்டு ஒன்பது வருஷத்துக்கு முந்தியது. அதோடு ஒரு போட்டோ குத்தியிருந்தது: பெரியப்பாவின் அப்பா, அவருடைய முதல் கார், இடைவெளி இல்லாத பிளேட். அந்தக் காலத்து விதி அப்படி. வீட்டில் இத்தனை வருஷமாகப் பெரியப்பா எல்லோரையும் திட்டித் தேடிய போட்டோ அது. சீட்டில் கடைக்காரம்மா எழுதியிருந்தார்: ‘போட்டோவில் உள்ளதுபோல் சேர்த்து எழுதக் கேட்டார். மறுத்துவிட்டேன். கருப்பு மூடி ஒன்று வாங்கிச் சென்றார்.’ கீழே பெரியப்பாவின் கையெழுத்து.

தம்பி மகன் எட்டிப் பார்த்தான்.

“நான் செஞ்சதாவே எழுதிக் குடுத்திடறேன் பெரியப்பா. ஒங்க பேரு எதுக்கு?”

“சும்மா இருடா. தாத்தா வாங்கின நம்பருக்குப் பொய்க் கடுதாசியா?”

பெரியப்பா முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறைத்தது நான் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

புதிய பிளேட்டுக்கு வெள்ளை மூடிகளை அவரே பொறுக்கி எடுத்து, அவரே மாட்டினார். பத்தடி தள்ளி நின்று பார்த்தார். நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி இருந்தது. சாவியைத் தம்பி மகனிடம் நீட்டினார்.

“இன்னைக்குப் புதன்கெழம, பெரியப்பா.”

“தெரியும். ஓட்டு,” என்று சொல்லிவிட்டு மறுபக்கக் கதவைத் திறந்தார்.