தலைக்கு அளந்த கிரீடம்

சணல் கயிற்றை மகளின் நெற்றியைச் சுற்றிக் கொண்டுபோய், பின்மண்டையில் சேர்த்துப் பிடித்து, சேர்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டான் அண்ணாதுரை. "ஆடாத பாப்பா" என்றான். கிரீடத்துக்கு அளவு அது.

சத்யப்பிரியா இந்த வருஷம் பாரத மாதா. குழந்தைகள் தினத்துக்கு மேடை ஏறி, தலையில் கிரீடம் வைத்து, கையில் கொடி பிடித்து, ஊர் பார்க்க வசனம் பேசப் போகிறாள். ஐந்தாம் வகுப்போடு அந்தப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். இதை விட்டால் அவளுக்கு வேறு மேடை இல்லை.

அண்ணாதுரைக்கு வேலை தண்டலத்தில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில். கட்டிங் மிஷினில் நிற்பவன். அங்கே அவன் பெயர் "டேய் அண்ணாதொர". சுங்குவார்சத்திரத்தில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையும் இரண்டு ஓட்டு அறைகளுமாக இருந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் மட்டும் அவன் "அண்ணாதுரை சார்". முதலில் அப்படிக் கூப்பிட்டவள் ராஜாமணி டீச்சர். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பார்த்தால் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் வெட்கம் வர வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கு வெட்கம் வராது என்பது வேறு விஷயம்.

கம்பெனியில் கழித்துப்போட்ட அட்டைகளை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, சுருட்டிக் கட்டி, பஸ்ஸில் கண்டக்டரிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவருவான். பொங்கல் விழாவுக்குக் கோபுரம், ஆண்டு விழாவுக்குத் தேவதைச் சிறகு, வகுப்பறைச் சுவருக்குக் கண் சிமிட்டும் கடிகாரம் என்று எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பான். மகள் படிக்கிற பள்ளிக்கூடம், மகளுக்காகத்தான் செய்கிறோம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

போன வருஷம் யானை செய்தான். தும்பிக்கை ஆடியது, காது விசிறியது. உள்ளே இரண்டு பிள்ளைகள். முன்னங்கால் ஒரு பையன். பின்னங்கால் சத்யப்பிரியா. அந்தப் பையனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் மேடையைச் சுற்றி வந்தாள். அதற்கு முந்தின வருஷம் அவள் மரம். அண்ணாதுரை செய்த அசல் ஆலமரம், விழுதோடு. யானை வந்தபோது அவன் பக்கத்தில் இருந்தவனை இடித்து, "எப்டி கீது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் மனைவி கலைமதி கை தட்டவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"யானைய ஊரே பாத்துச்சி. நான் எம்புள்ளய பாக்கலாம்னு போனேன்."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரமே பள்ளிக்கூடத்துக்குப் போய், தலையைச் சொறிந்துகொண்டு, "பாப்பாவுக்கு ஒரு நல்ல வேஷமா..." என்று இழுத்தான். ராஜாமணி டீச்சர் வாக்குக் கொடுத்தாள். கொடுத்தபடியே இந்த வருஷம் அவளே சொன்னாள்: "சத்யப்பிரியாதான் சார் பாரத மாதா. அவ குரலுக்கு இந்த ஸ்கூல்ல வேற ஆளே இல்ல."

குரல் என்றால் குரல். "உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்று எனக்குப் பிள்ளைகள் இல்லை! எல்லோரும் என் மடியில் தவழ்ந்தவர்களே!" என்று அவள் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு ஆரம்பித்தால், வரிசையில் நிற்கிற பெண்கள் தண்ணீர் வழிவதையும் மறந்து நின்றார்கள். டீக்கடை யாக்கோபு அவளை நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்வார். பேசினால் ஒரு பன். லாரிக்காரர்கள்கூட டம்ளரை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

கிரீடத்தில் சின்ன சின்ன பல்பு வைத்து எரியவிட வேண்டும் என்று அண்ணாதுரைக்கு ஆசை. கலைமதி ஒரே போடாகப் போட்டாள்.

"ஒயரு, பேட்டரின்னு எதுனா வெச்சிகினு போன, போலீசு உன்ன தூக்கினு பூடும். எந்த ஊர்ல கீறோம்னு தெரியுதா இல்லையா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து, சுற்றுவட்டாரத்தில் கையில் ஒயரோடு போனவனெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ரேடியோவை ரிப்பேருக்கு எடுத்துப்போன கலைமதியின் தம்பி பாபு, அதை ஒவ்வொரு திருகாகக் கழற்றிக் காட்டிவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தான். அதனால் பல்பு வேண்டாம் என்று, உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடியைச் சில்லு சில்லாக நறுக்கிப் பதித்தான் அண்ணாதுரை.

அட்டையை மூன்று அடுக்காக ஒட்டினான். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் துத்தம் கலந்தான். மேலே தங்க நிறத் தாள். விளிம்புக்கு, காஞ்சிபுரத்திலிருந்து வேலைக்கு வருகிற ஒருவன் கொண்டுவந்து கொடுத்த அறுந்த ஜரிகை. உள்பக்கம் நெற்றி உறுத்தக்கூடாது என்று தன் பழைய பனியனைக் கிழித்து மடித்துத் தைத்தான். சணல் கயிற்றின் முடிச்சை வைத்து அளந்து அளந்து வளைத்தான். கடைசியில் அதை மகள் தலையில் வைத்தபோது அது வைத்த இடத்தில் உட்கார்ந்தது. அவள் தலையைச் சாய்த்தாள், குனிந்தாள், குதித்துக்கூடப் பார்த்தாள். அசையவில்லை. சத்யப்பிரியா சிரிக்கவில்லை, ராணி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

"கண்ணு பட்டுடும், கழட்டு" என்றாள் கலைமதி. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை ராஜாமணி டீச்சர் குடையோடு வீட்டுக்கு வந்தாள். டீச்சர் வீடு தேடி வந்தது அதுதான் முதல் தடவை. அண்ணாதுரை நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கிரீடத்தை எடுத்துவந்து காட்டினான்.

"அற்புதம் சார்" என்றாள் டீச்சர். அந்த 'சார்' அன்றைக்குக் கொஞ்சம் நீளமாக இருந்தது. "சார், ஒரு சின்ன மாத்தம். காஞ்சிபுரத்துலருந்து கல்வி அதிகாரி வர்றாரு. கரஸ்பாண்டன்ட்டோட தம்பி பொண்ணு நம்ம ஸ்கூல்லதான் நாலாவது படிக்குது, தெரியுமில்ல? அந்தப் பொண்ணு மேடைல நின்னா நல்லா இருக்கும்னு கரஸ்பாண்டன்ட் நினைக்கிறாரு. கொஞ்சம் கலரா இருந்தா லைட் வெளிச்சத்துல எடுப்பா இருக்குமாம்."

அண்ணாதுரை கிரீடத்தைப் பிடித்தபடி நின்றான்.

"அதுக்கு வசனம் நிக்கல சார். அதனால குரல் சத்யப்பிரியாதுதான். திரைக்குப் பின்னாடி மைக் வெச்சுடுவோம். இவ பேசட்டும், அந்தப் பொண்ணு வாயசைக்கட்டும். பேருக்கு ஒண்ணும் குறையில்ல. கிரீடம் மட்டும் கொஞ்சம் பெருசு பண்ணணும். அதுக்குத் தலை கொஞ்சம் பெருசு."

தலை பெரிதாகத்தான் இருக்கும். பெரியப்பாவின் பள்ளிக்கூடத்தில் படிக்கிற தலை.

டீச்சர் குடையை விரித்துத் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கலைமதி பொறுத்திருந்தாள். அதற்குப் பிறகு பொறுக்கவில்லை.

"கலராம்! கலரு இன்னிக்குத்தான் அந்தாளு கண்ணுக்குத் தெரிஞ்சிச்சா? பாரத மாதா யாரு வூட்டுப் புள்ளன்னு கேட்டிருப்பான். எந்தத் தெருன்னு கேட்டிருப்பான். கிரீடத்தக் குடுக்காத. எம்புள்ள போட்டா போடட்டும், இல்லன்னா அடுப்புல போடு."

"டீச்சர் இன்னா பண்ணுவாங்க? மேலருந்து சொல்லிட்டாங்க" என்றான் அண்ணாதுரை. "அதிகாரி வராரு. கிரீடம் இல்லாம எப்டி? நான் குட்துடறேன்னு சொன்னவன்."

"எங்கிட்டயும் சொன்ன. எம்புள்ள முகத்தப் பாக்கலாம்னு."

அறையின் மூலையில் சத்யப்பிரியா உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. அழவில்லை. அப்பா என்ன செய்யப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பிளேடை எடுத்தான். கிரீடத்தின் பின்பக்கத்தை மேலிருந்து கீழாக அறுத்தான். இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் அட்டைத் துண்டை இடையில் வைத்து ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் தங்கத் தாளை மேலே இழுத்துவிட்டான். அதையும் நேர்த்தியாகத்தான் செய்தான், பாவி. "குரலு உன்னுதுதான பாப்பா" என்று அறுத்துக்கொண்டே சொன்னான். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

விழா அன்று நல்லவேளையாக மழை இல்லை. சேறு மட்டும் இருந்தது. வாசலில் நின்ற போலீஸ்காரர் அண்ணாதுரையின் பையைத் திறந்து கிரீடத்தை வெளியே எடுத்தார். தட்டினார், குலுக்கினார், காதருகே வைத்துக்கூடக் கேட்டார். "உள்ள இன்னாய்யா கீது?" என்றார். "பனியன் துணிங்க" என்றான் அவன். அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

முன்வரிசையில் அதிகாரியும் கரஸ்பாண்டன்ட்டும். அவர்களுக்குப் பின்னால் பெற்றோர். கலைமதி கடைசியில், கம்பத்தின் ஓரம் நின்றிருந்தாள். திரை இழுக்கிற கயிறு அண்ணாதுரையின் கையில். பக்கத்தில் மைக்கின் முன்னால் சத்யப்பிரியா, பள்ளிக்கூடச் சீருடையில். மேடைக்குப் போகாதவளுக்கு வேஷம் எதற்கு?

திரை விலகியது. கரஸ்பாண்டன்ட்டின் தம்பி மகள் கொடியோடு நின்றாள். கண்ணாடிச் சில்லுகளில் விளக்கு வெளிச்சம் பட்டுத் தெறித்தது. கூட்டம் "ஆ" என்றது. அண்ணாதுரையும் கயிற்றைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தான். நடந்ததெல்லாம் அந்த நொடியில் மறந்துவிட்டது அவனுக்கு. அவன் அப்படித்தான்.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மூடினாள், மறுபடி திறந்தாள். கரையில் போட்ட மீன் மாதிரி இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கரஸ்பாண்டன்ட் நாற்காலியில் திரும்பிப் பார்த்தார். ராஜாமணி டீச்சர் மேடையின் மறுபக்கத்திலிருந்து கையைக் கையை ஆட்டினாள்.

அண்ணாதுரை திரும்பினான். சத்யப்பிரியா மைக்குக்கு நேராகத்தான் நின்றிருந்தாள். உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள். வசனம் மறந்த முகம் இல்லை அது. அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து வயதுப் பெண் தன்னிடம் இருந்த ஒன்றே ஒன்றைக் கையில் பிடித்து நின்றாள். அப்பா சும்மா இருந்தால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம். கயிற்றைப் பிடித்தபடி பேசாமல் நின்றால் அவள் ஜெயித்துவிடுவாள்.

அவனுக்கு அது புரியவும் புரிந்தது. புரியாமல் செய்தான் என்று சொன்னால் அது பொய்.

கயிற்றை விட்டுவிட்டு அவள் பக்கம் குனிந்தான். "பேசு பாப்பா" என்றான். "கிரீடம் மேடைல நிக்குது. அசிங்கமா பூடும். பேசு."

கிரீடம் என்றான். அவன் வாயில் வந்தது அதுதான்.

சத்யப்பிரியா அவனை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு மைக்கின் பக்கம் திரும்பினாள். பேசினாள். தெருக்குழாயில் பேசியதைவிட நன்றாகப் பேசினாள். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. "எல்லோரும் என் மடியில் தவழ்ந்தவர்களே" என்ற இடத்தில் கொட்டகை அதிரக் கை தட்டினார்கள். மேடையில் நின்ற பெண் வாயசைத்துக்கொண்டே அழகாகத் தலை வணங்கினாள். கிரீடம் அசையவில்லை.

அதிகாரிக்கு மனம் நிறைந்துவிட்டது. மேடை ஏறி, "குழந்தையின் உச்சரிப்பு பிரமாதம்" என்று அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டினார். பிறகு கிரீடத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யார் செய்தது?" என்று கேட்டார். ராஜாமணி டீச்சர் ஓடிவந்து மைக்கைப் பிடித்தாள்.

"நம்ம அண்ணாதுரை சார்! மேடைக்கு வாங்க சார்!"

போனான். கைலியை மாற்றிப் பேன்ட் போட்டு வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தபடியே போனான். அதிகாரி அவன் தோளில் ஒரு சால்வையைப் போர்த்தினார். ஒரு பக்கம் அதிகாரி, ஒரு பக்கம் கரஸ்பாண்டன்ட், நடுவில் அவனும் கிரீடம் வைத்த அந்தப் பெண்ணும் என்று படம் எடுத்தார்கள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தபோது அண்ணாதுரை சிரித்தான். சிரித்த பிறகுதான் கொட்டகையின் கடைசியைப் பார்த்தான். கம்பத்தின் ஓரம் கலைமதி இல்லை. மைக்கின் பக்கம் மகளும் இல்லை.

இருவரையும் யாக்கோபு கடை தாண்டித்தான் எட்டிப் பிடித்தான். பெங்களூர் லாரிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின. கலைமதி முன்னால் நடந்தாள், திரும்பவில்லை. அண்ணாதுரை சால்வையை எடுத்து மகளின் தோளில் போட்டான். அது வழுக்கிச் சேற்றில் விழுந்தது. அவள் குனியவில்லை. அவனே எடுத்து உதறிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"எல்லாரும் உங்கொரலத்தான் சொன்னாங்க பாப்பா" என்று அவள் தலையில் கை வைக்கப் போனான். கயிறு கட்டி அளந்த தலை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும் அவனுக்கு. அது அவன் கைக்கு எட்டாமல் விலகிக்கொண்டது.

"அட்த்த வருஷம் நான் பெரிய ஸ்கூலுக்குப் போய்டுவேன்பா" என்றாள் சத்யப்பிரியா. குரலில் கோபம் இல்லை. "இங்க மறுபடியும் உன்னக் கூப்புடுவாங்க. நீ போவ இல்ல?"

போகமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தான் அண்ணாதுரை. அந்தப் பெண் மேடையில் திறந்தாளே, அப்படித்தான் திறந்தது. ஒன்றும் வரவில்லை. சத்யப்பிரியா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அம்மாவின் பக்கம் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.